கடிக்க வேண்டாத சோறு

‘நொறுங்கத் தின்றால் நூறு வயது’ என்பது நம் முன்னோர் வாக்கு. குருமடத்தில் நாங்கள் பயின்ற காலத்தில், உணவறையை மேற்பார்வையிட வரும் முதிய தந்தை ஒருவர் இதனை நாள் தவறாமல் சொல்வார். ஒவ்வொரு கவளத்தையும் முப்பத்திரண்டு முறை மெல்ல வேண்டும், பல்லுக்கு ஒரு முறை என்பது அவர் வகுத்த கணக்கு. நாங்களோ அவர் முதுகு திரும்புமுன் தட்டைக் காலிசெய்துவிட்டுப் பந்தாட்டத் திடலுக்கு ஓடுகிறவர்கள். அந்தக் கணக்கு மீண்டும் என் நினைவுக்கு வந்தது முப்பது ஆண்டுகளுக்கும் மேலான பின்னர், ஒரு கவளத்தை ஒரு முறைகூட மெல்ல இயலாமற்போன ஒரு வாரத்தில்.

இவ்வாண்டுத் திருநீற்றுப் புதனன்றே என் வலப்பக்கக் கீழ்த்தாடையின் கோடியில் வலி கண்டது. கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்து வைத்துக்கொண்டேன். மருத்துவரிடம் போகலாம் என்று உபதேசியார் சொன்னபோதெல்லாம், “பாஸ்கா முடியட்டும்” என்றேன். வெள்ளிதோறும் சிலுவைப்பாதை, மாலைகளில் பாவசங்கீர்த்தனம், அன்பியக் கூட்டங்கள், பிறகு புனித வாரம். இவற்றினிடையே பல்லுக்கு ஏது நேரம்? வலியையும் ஒரு தவமுயற்சியாக ஒப்புக்கொடுக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது எண்ணிப் பார்க்கையில், அதில் தவம் கால் பங்கு, மருத்துவரின் நாற்காலியைப் பற்றிய அச்சம் முக்கால் பங்கு என்றே தோன்றுகிறது.

உயிர்ப்புப் பெருவிழாவை அடுத்த செவ்வாயன்று நகரத்திற்குப் போனேன். எக்ஸ்-ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி மருத்துவர் விளக்கினார். ஞானப்பல் என்று நாம் சொல்லுகிற கடைசிப் பல், மேல்நோக்கி முளையாமல் எலும்புக்குள் பக்கவாட்டில் படுத்துக்கொண்டு, முன்னால் நின்ற பல்லை முட்டிக்கொண்டிருந்தது. இடுக்கில் உணவு தங்கித் தங்கி அந்தப் பல்லும் சொத்தையாகிவிட்டது. முன்பே வந்திருந்தால் ஒரு பல்லோடு போயிருக்கும், இப்போது இரண்டையும் எடுக்க வேண்டும் என்றார். ஞானம் எனக்குள் படுத்துக்கிடந்த செய்தியை என் பங்கு மக்கள் எவரும் வியப்போடு கேட்கவில்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

ஈறைக் கீறி, எலும்பைச் சிறிது குடைந்து, பல்லை இரண்டாக வெட்டித்தான் எடுக்க முடிந்தது. மூன்று தையல்கள். மரத்துப்போக ஊசி போட்டிருந்தபடியால் வலி தெரியவில்லை. ஆனால் ஊசியின் வேகம் தணிந்தபின் வாய் ஒரு விரற்கடைக்கு மேல் திறக்கவில்லை. தாடைத் தசைகள் இறுகிக்கொள்ளும், பத்து நாளில் சரியாகும் என்றார் மருத்துவர். இடப்பக்கத்தால் மெல்லலாமே என்பீர்கள். அப்பக்கத்து மேல்வரிசையில் இரண்டு பற்கள் முன்னரே போய்விட்டன. கீழே நிற்கிற பற்களுக்கு மோத இணையில்லை.

மருத்துவர் கூறிய விதிகளில் ஒன்றின் காரணத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன், பலருக்கும் பயன்படும். பல்லைப் பிடுங்கிய குழியில் இரத்தம் உறைந்து ஒரு மூடிபோல் நிற்கிறதாம். அதன் கீழேதான் புதுச் சதை வளர வேண்டும். அந்த உறைவு பெயர்ந்துவிட்டால் எலும்பு வெறுமையாகி, மூன்றாம் நான்காம் நாளில் காதுவரை பாய்கிற வலி வரும். எனவே முதல் நாள் வாய் கொப்பளிக்கக் கூடாது, காறித் துப்பக் கூடாது, சூடாக எதுவும் கூடாது, குழல் வைத்து உறிஞ்சவே கூடாது. வழியில் இளநீர்க் கடைக்காரர் காயைச் சீவிப் பழக்கத்தால் குழலைச் செருகி நீட்டினார். நான் பேச முடியாமல் கையை ஆட்ட, அவர் விலை பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். கடைசியில் உபதேசியார் ஒரு தம்ளரில் ஊற்றித் தந்தார். உதடு மரத்திருந்ததால் பாதி இளநீர் அங்கியில் வழிந்தது.

மென்மையான உணவு என்றால் கஞ்சிதானே, இதில் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். புதன்கிழமை வடிகஞ்சியும் மோரும் மட்டும் அருந்தினேன். எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. வழக்கமான மாத்திரைகளை வழக்கம்போல் விழுங்கினேன். மாலையில் கை நடுங்கி, வியர்த்து, கண் இருண்டு வந்தது. சமையலுக்கு உதவுகிற தம்பி பதறிப்போய் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தான். உணவைக் குறைத்துவிட்டு மாத்திரையைக் குறைக்காமல் விட்டதால் இரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது, உடனே சர்க்கரை கரைத்த நீர் கொடு என்றார் அவர். ஆண்டு முழுவதும் எனக்கு விலக்கப்பட்டிருந்த பொருள் அன்று மருந்தாயிற்று. பல் மருத்துவரிடம் போகிற சர்க்கரை நோயாளிகள், மாத்திரையை என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. நான் கேட்கவில்லை.

வியாழனன்று தம்பி என்மேல் இரக்கப்பட்டு, ஆறவைத்த ரசத்தில் சோற்றைக் குழையப் பிசைந்து தந்தான். இரண்டாம் கரண்டியில் ஒரு கடுகு தையலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. அன்பு வாசகர்களே, கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பதை நான் வேறு எவ்வளவோ பொருளில் பிரசங்கித்திருக்கிறேன். நற்செய்தியில் வரும் கடுகு விதையைப் பற்றியும் பேசியிருக்கிறேன். அந்த ஒரு கடுகை வெதுவெதுப்பான உப்பு நீரால் அலசி வெளியே கொண்டுவர எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. தாளிதம் இல்லாத சமையல் நம் வீடுகளில் கிடையாது. கறிவேப்பிலை, மிளகு, சீரகம், மிளகாய் விதை, எள் என்று நாம் ருசிக்காகத் தூவுகிறவை அனைத்தும் வாய்ப்புண்ணுக்குப் பகையாகின்றன.

இதற்கிடையே அன்புள்ளம் கொண்ட பங்கு மக்கள் வந்தவண்ணம் இருந்தார்கள். மரியாயின் சேனையினர் ஆப்பிள் கொண்டுவந்தார்கள். பாடகர் குழுவினர் தூத்துக்குடி மக்ரூன் ஒரு பெட்டி. “வாயில் போட்டால் கரைந்துவிடும் சாமி” என்றார்கள். உண்மைதான், முந்திரியும் முட்டை வெண்கருவும் சர்க்கரையும் சேர்ந்த பண்டம் கரையத்தான் செய்யும். ஆனால் கரையுமுன் தூளாகும், தூள் குழிக்குள் போகும், தவிரவும் முழுக்கச் சர்க்கரை. ஓர் அம்மையார் கருப்பட்டி போட்ட உளுந்தங்களி கிண்டிவந்து, கருப்பட்டி சர்க்கரை நோய்க்கு ஒன்றும் செய்யாது என்று உறுதி கூறினார். அது நம்மூரில் வேரூன்றிய தவறு. கருப்பட்டியும் சர்க்கரையே. ஆயினும் களி என்னவோ நல்ல யோசனை. உளுந்தில் சதை வளர்க்கும் சத்து இருக்கிறது. மறுநாள் தம்பியிடம் கருப்பட்டி இல்லாமல் உப்பிட்டுக் கிண்டச் சொன்னேன்.

மெல்ல மெல்ல எனக்கு ஒன்று புலப்பட்டது. மென்மையாகக் கிடைப்பவை பெரும்பாலும் மாவுப்பொருள்களே. அரிசிக் கஞ்சி, சவ்வரிசி, பாலில் ஊறிய ரொட்டி இவை வயிற்றை நிரப்பும், புண்ணை ஆற்றா. ஆறுவதற்குப் பருப்பும் பாலும் முட்டையும் மீனும் வேண்டும். பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து மசித்தது, புளிக்காத தயிர், அரைவேக்காட்டு முட்டை, தேங்காய்ப்பாலில் நெடுநேரம் ஊறிய இடியாப்பம், மேல்தோல் உரித்த நுங்கு என்று ஒவ்வொன்றாகக் கண்டுகொண்டோம். மீனுக்குத்தான் வழி தெரியவில்லை. கடலருகே இருந்துகொண்டு மீன் உண்ணாதிருப்பது பெரிய ஒருசந்தி. எங்கள் கரையில் மலிவாகக் கிடைக்கும் சாளையில் முள் அதிகம். தம்பி முள் எடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

சனிக்கிழமை பிற்பகல் அவர் வந்தார்.

பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுபது வயதைத் தாண்டிய கைம்பெண், தனியே குடியிருப்பவர். கையில் ஒரு சிறு தூக்குவாளி. “ஸ்தோத்திரம் சாமி” என்று வாசலிலேயே நின்றார். அவரைப் பார்த்ததும் எனக்கு ஏதோ உறுத்தியது. என்ன என்று விளங்கவில்லை. “பால்சுறாப் புட்டு சாமி. கடிக்க வேண்டாம். கடுகு போடல, மிளகாயும் போடல” என்றார்.

சுறாவுக்கு மற்ற மீன்களைப் போல் நுண்முள் இல்லை, குருத்தெலும்புதான். அதை வேகவைத்துத் தோலுரித்து, உதிர்த்துப் பிழிந்து, மஞ்சளும் பூண்டும் நறுக்கிய உள்ளியும் சேர்த்துச் செய்வது புட்டு. பிள்ளை பெற்ற பெண்களுக்குப் பால் ஊறக் கொடுப்பார்கள். அவர் அதோடு நிற்கவில்லை. உதிரியாக இருந்தால் புண்ணுக்குள் போகும் என்று, குழைந்த சோற்றோடு சேர்த்து அம்மியில் ஓட்டி, சொதித் தண்ணீர் விட்டு இளக்கியிருந்தார். ஐந்து நாட்களில் நான் உண்ட முதல் முழு உணவு அது.

“இவ்வளவு பக்குவம் எப்படித் தெரியும் அம்மா?” என்று குழறலாகக் கேட்டேன்.

அவர் சிரித்தார். அப்போதுதான் அவர் வாயைப் பார்த்தேன். ஒரு பல்லும் இல்லை. “எனக்குப் பன்னிரண்டு வருசமா இதுதானே சாப்பாடு” என்றார். மகள் ஒரு பல்செட் கட்டிக் கொடுத்தாளாம். ஓராண்டுக்குள் ஈறு தேய்ந்து, அது வாயில் ஆடத் தொடங்கியதாம். பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். வெற்றிலை இடிக்கிற சிற்றுரலில்தான் தமக்கு வேண்டிய கறியையும் இடித்துக்கொள்கிறார். “கறி என்னைக்கு வருது சாமி, அசனத்தன்னைக்குத்தான்.”

அசனம் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு உறுத்தியது இன்னதென்று விளங்கிவிட்டது.

எங்கள் பங்கில் ஆண்டுதோறும் ஜூன் 13-ஆம் நாள் புனித அந்தோணியார் திருவிழாவில் அசனம் நடைபெறும். மக்கள் நேர்ச்சையாக அரிசியும் ஆடும் கொடுக்க, ஊரே பந்தியில் அமர்ந்து ஒரே சோற்றை உண்ணுகிற விருந்து அது. சென்ற ஆண்டு கடைசிப் பந்திக்குக் கறி போதவில்லை. சிலர் வாளி வாளியாக வீட்டுக்கு எடுத்துச் செல்வதாகப் புகார் வந்தது. நான் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்து, “இங்கே உண்ணாமல் வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போகிறவர்கள் ஏழைகளின் பங்கைத் திருடுகிறார்கள்” என்றேன். அந்த நேரத்தில் வாசலருகே ஒரு சிறு தூக்குவாளியோடு போய்க்கொண்டிருந்த ஒரு மூதாட்டி நின்றார். வாளியைத் திரும்பக் கொண்டுவந்து பரிமாறுகிற மேசையில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு நடந்தார். என் சொல் பலித்தது என்றுதான் அன்று எண்ணினேன். இதே வாளிதான் அது.

“அம்மா, அன்றைக்கு நீங்கள் பல் இல்லை என்று ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கலாமே” என்றேன்.

“நீங்க மைக்குல சொன்னீங்க சாமி. நான் எதுல சொல்லுவேன்?”

கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே விடை தேடுகிறவர் போலக் கேட்டார். பந்தியில் அமர்ந்து உண்ண முயன்றும் பார்த்திருக்கிறார். ஈறால் அதக்கி விழுங்க அவருக்கு அரைமணி நேரம் ஆகும். அதற்குள் அடுத்த பந்திக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுவிடுவார்கள். இலையை மடித்துவிட்டு எழுந்துவிடுவாராம். நான் மன்னிப்புக் கேட்டேன். வீங்கிய வாயிலிருந்து அது என்னவாக வெளிப்பட்டதோ அறியேன். “புட்டு ஆறிப்போகும், சாப்பிடுங்க” என்றார்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. வலியைக் காரணம் சொல்ல முடியாது. மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தைப் பிரித்தேன். யாயிரின் மகளை, பன்னிரண்டு வயதுச் சிறுமியை, ஆண்டவர் உயிர்ப்பித்து எழுப்புகிறார். எல்லாரும் மலைத்து நிற்க, அவளுக்கு உண்ணக் கொடுக்கும்படி சொல்லுகிறார். இப்பகுதியைப் பற்றி எத்தனை முறை மறையுரை ஆற்றியிருக்கிறேன்! விசுவாசம், உயிர்ப்பு, இறைவல்லமை என்றெல்லாம் விரித்துரைத்துவிட்டு, உணவைப் பற்றிய அந்தக் கடைசிச் சொல்லை ஒரு பின்குறிப்பாகவே கடந்து வந்திருக்கிறேன். அந்த வீட்டார் என்ன கொடுத்தார்கள் என்று நற்செய்தியாளர் எழுதவில்லை. படுத்த படுக்கையாய்க் கிடந்து மீண்ட பிள்ளையின் வாய்க்கு எது ஏற்கும் என்று அவளுடைய தாய் அறிந்திருப்பாள் அன்றோ? நோயாளிகளைச் சந்திக்கப் போகும் வீடுகளில் “நன்றாகச் சாப்பிடுங்கள்” என்று சொல்லி ஆசி வழங்கி வந்தவன் நான். என்ன சாப்பிட முடிகிறது என்று கேட்டதில்லை. சென்ற கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு முதியோர் அனைவருக்கும் எங்கள் பங்கிலிருந்து ஆளுக்கொரு முறுக்குப் பொட்டலம் கொடுத்தோம். அதை நினைத்தபோது இருட்டிலும் என் முகம் சுட்டது.

பல்வலிக்காரர்களின் பாதுகாவலியாகத் திருச்சபை வணங்குவது புனித அப்பொலோனியாவை. பிப்ரவரி 9 அவருடைய நாள். கி.பி. 249 வாக்கில் அலெக்சாந்திரியாவில் கலகக்காரர்கள் அவரை அடித்துப் பற்களை எல்லாம் நொறுக்கினார்கள் என்று அந்நகர ஆயர் தியோனீசியுஸ் எழுதிய மடல், எவுசேபியுஸின் திருச்சபை வரலாற்றில் காக்கப்பட்டிருக்கிறது. ஓவியர்கள் அவரைக் கையில் குறடு பிடித்த இளமங்கையாக வரைவது வழக்கம். நானும் அப்படியே எண்ணியிருந்தேன். ஆனால் ஆயரின் மடல் அவரை வயது முதிர்ந்த கன்னி என்றே சொல்லுகிறது. படத்தில் நாம் அழகாக வைத்துக்கொண்டவர், உள்ளபடி பல்லிழந்த ஒரு கிழவி.

ஞாயிறு திருப்பலியை அடுத்த பங்குத் தந்தை வந்து நிறைவேற்றினார். திங்கள் காலை நானே பலிபீடத்தில் நின்றேன். அப்பத்தின் சிறு துண்டு ஒன்று ஈறில் ஒட்டிக்கொண்டது. இரசம் புண்ணில் பட்டுச் சுரீரென்றது. படுக்கையில் கிடக்கும் முதியோருக்கு முழு அப்பத்தையும் வறண்ட நாவில் வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு விரைந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. இப்போது அவர்களுக்குச் சிறு துணுக்காக்கி, ஒரு கரண்டித் தண்ணீரும் கொடுத்து, விழுங்கும்வரை உட்கார்ந்திருக்கிறேன். அப்பத்தை விழுங்கவே இயலாதவருக்குத் திரு இரசத்தை மட்டும் வழங்கவும் 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 925-ஆம் பிரிவு இடமளிக்கிறது. குருமடத்தில் அதைப் படித்துத் தேர்வும் எழுதினேன். ஒரு முறைகூட அவ்வாறு வழங்கியதில்லை.

தையல் பிரித்து இப்போது மூன்று வாரங்கள் ஆகின்றன. இடையில் அசனக் குழு கூடியது. பல் இல்லாதவர்களுக்கென்று குழைந்த சோறும் கொத்திய கறியும் ஒரு தனிப் பானையில் சமைக்கலாம் என்றேன். பொருளாளர் எழுந்தார். “சாமி, அசனம்னா எல்லாருக்கும் ஒரே பானைச் சோறு. படகு வச்சிருக்கவரும் கூலிக்குப் போறவரும் ஒண்ணா உக்காந்து ஒண்ணையே திங்கிறதுதான் அதுல பெருமை. நீங்க தனிப்பானை வச்சா அது ஆஸ்பத்திரிச் சாப்பாடு ஆகிரும்” என்றார். எனக்கு உடனே மறுமொழி வரவில்லை, அவர் சொன்னது சரியாக இருந்தபடியால். நெடுநேரப் பேச்சுக்குப் பின் ஒரு வழி பிறந்தது. தனியாகச் சமைப்பதில்லை. ஊருக்கு வெந்த அதே அண்டாவிலிருந்து சோறும் கறியும் எடுத்து, மறுபடி வேகவைத்து மசித்துக்கொள்வது. முதல் பந்தியில் ஒரு வரிசைக்குப் பின்னால் யாரையும் நிற்க விடுவதில்லை. வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டியவர்கள் எடுத்துப் போகலாம். அன்பியப் பொறுப்பாளர்கள் வீடு வீடாகக் கேட்டு வந்ததில், மெல்ல இயலாதவர்கள் நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். அவர்களில் மூவர் சென்ற ஆண்டு அசனத்தில் நானே என் கையால் கறி பரிமாறியவர்கள்.

செய்தியைச் சொல்ல அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் அமர்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். முழுவதையும் கேட்டுக்கொண்டு, கறியை அம்மியில் ஓட்ட வேண்டும், மிக்சியில் போட்டால் கூழாகி ருசி கெட்டுவிடும் என்று திருத்தம் சொன்னார். தாளிதம் கூடாது என்பதையும் நினைவூட்டினார். பந்திக்கு வருவீர்களா என்று கேட்டேன். உலக்கையை நிறுத்திச் சற்று யோசித்தார்.

“வாரேன் சாமி. ஆனா இந்த வரிசை பல்லில்லாதவங்களுக்குன்னு மைக்குல மட்டும் சொல்லிராதீங்க.”